நூற்றறுபது இடக்கைகள்

நெஞ்சுரம் என்னும் நற்குணத்தைப் போற்ற வந்தோர் பெரும்பாலும் அதைப் போர்க்களத்திலேயே தேடியிருக்கிறார்கள். மதங்கொண்ட யானையின் முன் நின்றவனையும் மார்பில் வேல் ஏற்றவனையும் கண்டு பழகிய கண்களுக்கு, எண்பது அடுக்குத் துணியின் முன் நின்ற ஒருவர் தென்படாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் அக்குணம் இடம் பார்த்துக் குடியேறுவதில்லை. சில நெஞ்சங்களில் அது நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு மூலையில் சுருண்டு உறங்கிக் கிடந்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எழுந்து சோம்பல் முறிப்பதும் உண்டு.

அவ்வாறு அது விழித்தெழுந்த நெஞ்சுக்கு உரியவர், சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டும் பெண்மணி. பட்டறையில் அவரை எல்லாரும் ‘சரிங்கக்கா’ என்றே அழைத்தார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் எழுவது ‘சரிங்க’ என்ற சொல்; பேச்சு முடியும்போது எஞ்சுவதும் அதுவே.

அச்சொல்லின் விளைச்சலைக் காண வேண்டுமானால் அவருடைய இல்லத்தைத்தான் காண வேண்டும். மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள். கதவுக்குப் பின்னால் ஐந்து குடைகள் தொங்கின; குடை விற்பவர் ஆண்டுதோறும் இந்த வீட்டு மணியைத்தான் முதலில் அழுத்துவார். மூன்று தண்ணீர் வடிகட்டிகள் இருந்தன; அவற்றுள் ஒன்று மட்டும் வடிகட்டியது. வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட பன்னிரண்டு கலைக்களஞ்சியத் தொகுதிகள் அலமாரியின் கால் ஆடாதிருக்க உதவின. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியும் அவரிடமே இருந்தது. வேறு யாரும் ஏற்காத அப்பதவியை, தொட்டிக் கசிவைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மனைவியைக் கேலி செய்வதில் அவருக்குத் தனித் தேர்ச்சி.

“நான் பாக்கற லிஃப்ட்ல கூட மேலே, கீழேன்னு ரெண்டு பட்டன் இருக்கு. உனக்கு மட்டும் கம்பெனிக்காரன் ஒண்ணுதான் வச்சு அனுப்பிட்டான்” என்பார்.

“சரிங்க” என்பார் அவர். கல்லூரியில் படிக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் பட்டறையின் வெட்டறையில் அவர் வேறொருவர். நீண்ட மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, உச்சியில் வரைபடத் தாளை வைத்து, இயந்திரக் கத்தியை இறக்கும்போது அவர் மூச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு கத்தி கோட்டின்மேல் ஓடும். ஒரு நூலிழையும் விலகாது. பதினெட்டு ஆண்டுகளில் அவர் வெட்டிய கழுத்துகள் கோணியதில்லை.

துணியை விரிப்பவர் நெட்டையண்ணன். ஐம்பது வயது, மேசையின் இரு ஓரங்களையும் எட்டிப் பிடிக்கும் கைகள். தலைக்கு மேல் தொங்கும் விளக்கில் நாள்தோறும் ஒருமுறையேனும் இடித்துக்கொள்வார். இடித்ததும் விளக்கிடம் “மன்னிச்சுக்கப்பா” என்பார்.

அவர் துணி விரிப்பதில் ஒரு முறை உண்டு. அந்தத் துணிக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். முதல் அடுக்கின் பளபளப்பு மேல்நோக்கினால் அடுத்த அடுக்கின் பளபளப்பு கீழ்நோக்கும். ஒன்றின் நல்ல பக்கம் மற்றொன்றின் நல்ல பக்கத்தைப் பார்த்துக் கிடக்கும், இறைவன் முன் கூப்பிய கைகளைப் போல. கூப்பிய கைகளைப் பிரித்தால் ஒன்று இடமும் ஒன்று வலமும் ஆகுமல்லவா? அவ்வாறே சட்டைக்கை வடிவம் எத்திசை நோக்கி வரைந்திருந்தாலும், அடுக்கைப் பிரித்தால் பாதி இடக்கை, பாதி வலக்கை கிடைத்துவிடும். பட்டறையின் தாள்கள் அனைத்தும் இம்முறைக்கென்றே வரையப்பட்டவை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு மருத்துவமனையின் பணியாளர்களுக்கான எண்பது நீலநிற மேலங்கிகள் வேலையில் இருந்தன. உடற்பகுதிகள் முந்தின நாளே வெட்டப்பட்டுவிட்டன. கைகள்தாம் பாக்கி. எண்பது அடுக்குத் துணி, தாளில் ஒரே வாட்டத்தில் வரைந்த இரண்டு கைகள், ஆக நூற்றறுபது.

அப்போது புதிய மேலாளர் உள்ளே வந்தார். முதலாளியம்மாவின் தம்பி, வேலைக்கு வந்து இரண்டு வாரம். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். யார் எதைச் செய்தாலும் அதை அழுத்திப் பார்ப்பார். தேநீர் ஆறுவதற்கும் அழுத்துவதாகக் கேள்வி.

“என்ன இது, ஒரு அடுக்கு பளபளன்னு இருக்கு, அடுத்தது மங்கிப் போய்க் கிடக்கு? பாதித் துணியைக் கவுத்துப் போட்டிருக்கீங்களே!” என்றார்.

“அது அப்படித்தான் சார் போடணும்” என்றார் நெட்டையண்ணன்.

“அப்படித்தான்னா? எல்லாம் ஒரே மாதிரி மேலே பாத்து இருக்கட்டும். எடுத்துட்டு மறுபடி விரிங்க.”

நெட்டையண்ணன் சரிங்கக்காவைப் பார்த்தார். அவர் தாளின்மேல் விரல் வைத்தார்.

“சார், அப்படி விரிச்சா தாளையும் புதுசா வரையணும். இல்லேன்னா கை...”

“தாள் நல்லாத்தானே இருக்கு? போன மாசமும் இதை வச்சுத்தானே வெட்டினீங்க?”

“ஆமாங்க. ஆனா...”

ஸ்டாப்வாட்ச் டிக்கென்றது. “ஏற்கெனவே பதினேழு நிமிஷம் போச்சுக்கா. வெட்டுங்க.”

“சரிங்க.”

என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கத்தியை இறக்கினார். ‘பெரியவங்க சொல்றாங்க, ஏதாவது காரணம் இருக்கும்’ என்று தம் மனத்துக்குத் தாமே தட்டிக் கொடுத்தார். மனம் ஏற்கவில்லை, கை மட்டும் ஏற்றது. அன்றும் கத்தி ஒரு நூலிழை விலகவில்லை. அவ்வளவு செம்மையான பிழை அந்தப் பட்டறையில் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை.

புதன்கிழமை பிற்பகல், கை பொருத்தும் பெண்ணின் குரல் எழுந்தது. அவளுக்கு வாயாடி என்று பெயர். பொருத்தமில்லாமல் வைத்த பெயரல்ல.

“யக்கா! இந்தக் கட்டும் இடக்கை. அந்தக் கட்டும் இடக்கை. அடியில இருக்கறதும் இடக்கை. ஏன்க்கா, அந்த ஆஸ்பத்திரியில யாருக்குமே வலக்கை கிடையாதா? ஆர்டர்ல அப்படியா எழுதியிருக்கு?”

பன்னிரண்டு தையல் இயந்திரங்களும் ஒருங்கே நின்றன. சிரிப்பு எழுந்து, மேலாளரின் முகம் கண்டு பாதியில் அமர்ந்தது.

அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் மங்கல் பக்கம் வெளியே வந்தது. அதே சாயத்தில் துணி வாங்க ஒரு மாதம் ஆகும். அங்கிகளோ திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அஞ்சிய மனிதர் செய்வதையே அவரும் செய்தார். அருகில் நின்ற நெட்டையண்ணன்மேல் விரல் நீட்டினார்.

“விரிச்சது நீங்கதானே? தப்பா விரிச்சிருக்கீங்க. எங்க அக்கா நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. நாளையோட உங்க வேலை முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க.”

“இருபது வருஷமா விரிக்கிறேன் சார். நான் விரிச்ச துணியை வச்சு இந்த ஊரையே மூணு சுத்து சுத்தலாம்.”

“அதெல்லாம் அக்காகிட்ட சொல்லுங்க.”

அவர் தம்மைக் காக்கச் சொல்லும் சொல்லை யார் நம்புவார்? செவ்வாய்க்கிழமை வெட்டறையில் இருந்தவர் மூவரே. எனவே அந்த எளிய மனிதரின் பிழைப்பு முழுவதும் இப்போது ஒருவர் வாயில் இருந்தது. அந்த வாயோ மூடியிருந்தது. சரிங்கக்கா தரையில் சிந்திய சாக்குக்கட்டித் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கை கழுவும் தொட்டியருகே நெட்டையண்ணன் அவரிடம் மெல்லச் சொன்னார்:

“விடு தங்கச்சி. நீ பேச மாட்டேன்னு எனக்குத் தெரியும். உன் சுபாவம் அது. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

வைதிருந்தால் தாங்கியிருப்பார். மன்னித்தது சுருக்கென்று தைத்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

விளக்கேற்றும் வேளையில் கணவரிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் முதன்முறையாகக் கேலி செய்யவில்லை. அதுவே அவருக்கு அச்சமூட்டியது.

“என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

“முதலாளியம்மா தம்பியை எதுத்துப் பேசணும். உன் வேலையும் போகலாம். போனா போகட்டும்னு சொல்ல வாய் வருது. ஆனா பேச வேண்டியது நீதானே?”

மகள் எழுந்து கதவருகே போனாள். “அம்மா, பழகிப் பாரு. நான்தான் குடைக்காரர். அம்மா, புது மாடல் குடை வந்திருக்கு. வேணுமா?”

“வே... எவ்வளவுங்க?”

“அம்மா!”

“சரி, இன்னொரு தடவை.”

“குடை வேணுமா?”

“வேண்டாங்க. கோவிச்சுக்காதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா? உங்க குழந்தைங்க எப்படி இருக்காங்க?”

“இப்படியே போனா அவருக்குப் பொண்ணையே குடுத்துடுவ போலிருக்கு” என்றார் கணவர். மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் சரிங்கக்கா தம் பைக்குள்ளிருந்து ஓர் இடக்கையை எடுத்து உண்ணும் மேசைமேல் விரித்தார். வருந்தும்போதும் அவர் கைகள் சும்மா இருப்பதில்லை.

சட்டைக்கையின் மேல்வளைவில், முன்பக்கம் சற்று ஆழமாகவும் பின்பக்கம் சற்று உயரமாகவும் இருக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. அவர் விரலால் அளந்தார். வளைவு முழுவதையும் இரண்டு விரற்கடை கீழிறக்கிப் புதிதாக வரைந்தால் ஆழத்தை மறுபக்கத்துக்கு மாற்றிவிடலாம். கை இரண்டு விரற்கடை குட்டையாகும். அதனாலென்ன? வெட்டி மிஞ்சிய துண்டுகளில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வைக்கலாம். இடக்கையையும் அதே அளவு குறைத்துப் பட்டை வைத்தால் இரண்டும் ஒத்துவிடும். பட்டை வைத்த கை அழகாகக்கூட இருக்கும்.

சாக்குக்கட்டியால் கோடிட்டார். கத்தரியை எடுத்தார். மூச்சை நிறுத்தினார். ஒரே வீச்சில் வெட்டினார்.

மகள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, உன் கை நடுங்கவே இல்ல.”

“துணிகிட்ட என்னடி பயம்? அது என்ன திட்டவா போகுது?”

“ஒரு தடவை வெட்டினா மறுபடி ஒட்டாதே. அது பயமில்லையா?”

தாய் நிமிர்ந்தார். கத்தரியைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டுகளாக நாள்தோறும், திரும்பப் பெற முடியாத ஒன்றை அவர் தயக்கமின்றிச் செய்துவந்திருக்கிறார். அளப்பது, கோடிடுவது, மூச்சை நிறுத்துவது, ஓரத்திலிருந்து தொடங்குவது. அந்த வலிமையைப் பட்டறையில் மேசைமேலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

“என்னம்மா யோசிக்கற?”

“அளவெடுக்கறேன்” என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முதலாளியம்மா வந்தார். ஒற்றைத் தையல் இயந்திரத்தில் தொடங்கி இப்பட்டறையை எழுப்பியவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால் எதிரில் நிற்பவருக்குத் தம் தையல் பிரிவதுபோல் இருக்கும். தம்பி அனைத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். நெட்டையண்ணன் சுவரோரம் நின்றார். வழக்கத்தைவிடக் குட்டையாகத் தெரிந்தார்.

“அப்ப இவர் கவனமில்லாம விரிச்சதாலதான் இந்த நஷ்டம்?” என்றார் முதலாளியம்மா.

“ஆமாக்கா.”

சரிங்கக்கா மூச்சை ஒரு கணம் நிறுத்தினார். சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது.

“இல்லைங்க.”

குரல் ஊசி விழுந்த ஓசையளவே இருந்தது. ஆனால் ஊசி விழுந்தால் தலை திருப்பிப் பழகியவர்கள் அல்லவா தையற்காரர்கள்? பன்னிரண்டு இயந்திரங்களும் நின்றன.

“என்ன சொன்னீங்க?” என்றார் முதலாளியம்மா.

“இல்லைங்கம்மா. அண்ணன் சரியாத்தான் விரிச்சாரு. எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே பக்கமா விரிக்கச் சொன்னது சார்தான். தாளை மாத்தணும்னு சாருக்குத் தெரியல. புதுசா வந்தவங்க, தெரியாததுல தப்பில்ல.” தொடங்கிய கோட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர் தொழிலின் முதற்பாடம், நிறுத்தாமல் சென்றார். “எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா தெரியும். தெரிஞ்சும் சரிங்கன்னு சொல்லிட்டு நானே வெட்டினேன். யாரையாவது அனுப்பணும்னா அண்ணனை அனுப்பக் கூடாதுங்க.”

மேலாளரின் காது மடல்கள் சிவந்தன. அவர் தம் அக்காவைப் பார்த்தார்; நெட்டையண்ணனைப் பார்த்தார். கடைசியில் தலையசைத்தார். “நான்தான் விரிக்கச் சொன்னேன்க்கா. இதனாலதான் ஆச்சுன்னு சத்தியமா எனக்குத் தோணல.”

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒருத்தர் தெரியாம சொன்னாரு. ஒருத்தர் தெரிஞ்சும் சொல்லல. ஒருத்தர் சொன்னதைச் செஞ்சாரு. இதுல நான் யாரைத்தான் அனுப்பறது?”

“ஸ்டாப்வாட்சை அனுப்பிடலாம் மேடம்” என்றது பின்வரிசையிலிருந்து வாயாடியின் குரல்.

முதலில் சிரித்தவர் முதலாளியம்மாவே. பிறகு சிரிக்கப் பட்டறை முழுவதற்கும் உரிமை கிடைத்தது. மேலாளரும் அசடு வழியச் சிரித்து, கழுத்திலிருந்து அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சிரிப்பு இருக்கட்டும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்ன அனுப்பறது?” என்றார் முதலாளியம்மா.

சரிங்கக்கா பையைத் திறந்து, முந்தின மாலை வெட்டிய கையை மேசைமேல் வைத்தார். அது இப்போது வலக்கையாக இருந்தது; நுனியில் அன்று காலை வந்ததும் தைத்த ஒரு பட்டை. கூடவே அதே அளவு குறைத்துப் பட்டை வைத்த ஓர் இடக்கை. இரண்டையும் ஓர் அங்கியின் தோளில் குண்டூசியால் குத்திக் காட்டினார். முதலாளியம்மா தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அக்குளடியைத் திருப்பிப் பார்த்தார்.

“இங்க அரை விரல் இறுக்குமே?”

“தையலுக்கு விட்ட ஓரத்துல எடுத்துக்கலாங்க. பாத்துட்டேன்.”

“முன்னைக்கு இதுவே நல்லாருக்கு.” அந்த அம்மையார் நிமிர்ந்தார். “சரி. எண்பது உருப்படியும் நாளைக்குள்ள முடிச்சிடுவீங்களா?”

பட்டறை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. வாயாடியின் உதடுகள் அதைச் சொல்லவே குவிந்துவிட்டன.

“இல்லைங்க. மூணு நாள் ஆகும்” என்றார் சரிங்கக்கா.

மேசையருகே வந்து குனிந்திருந்த நெட்டையண்ணன் துள்ளி நிமிர்ந்ததில் விளக்கில் இடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கப்பா” என்றார்; விளக்கு அன்று நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று நாளில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எண்பதாவது அங்கியின் கடைசிப் பொத்தானும் தைத்து முடிந்தது. பட்டைகளைத் துண்டிலிருந்து வெட்டியவர் மேலாளர். கோணலாக வெட்டியவற்றைச் சரிசெய்து பொருத்தியவள் வாயாடி. அவளுடைய வசவுகளை அவர் வாங்கிக்கொண்ட பணிவு பலரும் மெச்சத்தக்கது. இடையில் ஒருநாள் அவர் வெட்டறைக்குள் வந்து தயங்கி நின்றார்.

“அக்கா, அந்தத் தாள் விஷயம் எனக்கு இன்னமும் பிடிபடல.”

சரிங்கக்கா தம் இரு கைகளையும் கூப்பினார். “இப்படி விரிச்சா ரெண்டு கையும் கிடைக்குங்க.” பிறகு இடக்கையை மட்டும் நீட்டினார். “நீங்க சொன்னது இதுங்க. எத்தனை அடுக்கு போட்டாலும் இதுவேதான்.”

மேலாளர் தாமும் கைகூப்பிப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி கூப்பினார். “அட!” என்றார். அவ்வேளை உள்ளே வந்த நெட்டையண்ணன், சார் தம்மை வணங்குவதாக எண்ணிப் பதறிப்போய், “எதுக்கு சார் இதெல்லாம், பழசை விடுங்க” என்றார்.

அந்த மாதக் கடைசியில் குடைக்காரர் வந்து மணியை அழுத்தினார். கணவரும் மகளும் உள்ளறைக் கதவிடுக்கில் தலைமேல் தலையாக நின்றார்கள்.

“இல்லைங்க, இந்த வருஷம் வேண்டாம்” என்றார் அவர்.

குடைக்காரர் கலங்கிவிட்டார். “ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாருக்கேங்க. ஏற்கெனவே அஞ்சு இருக்கு. நாங்க மூணு பேருதான்.”

“அதுவும் நியாயந்தான்” என்று குடைக்காரர் குடைக்கட்டைக் கீழே இறக்கி வைத்தார். “அப்ப குடிக்கக் கொஞ்சம் தண்ணியாவது குடுப்பீங்களா?”

“அதுக்கென்ன, சரிங்க” என்றார் சரிங்கக்கா. உள்ளறையிலிருந்து கைதட்டல் கேட்டது. ‘சரிங்க’ என்று சொல்ல இப்போதும் அவருக்குப் பிடிக்கும். கேட்டதற்கெல்லாம் அதை வாரி இறைப்பதை மட்டும் விட்டுவிட்டார். சங்கச் செயலாளர் பதவியை அவர் துறக்கவில்லை; தொட்டிக் கசிவை நிறுத்தாமல் விடுவதில்லை என்று தலைவரிடம் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

மூன்றாம் மாடியின் அவ்விரண்டு அறைகளையும் இறைவன் காப்பானாக. அங்கே தாயின் கை நடுங்காதிருக்கட்டும். தந்தையின் கேலி வற்றாதிருக்கட்டும். மகளின் வினாக்கள் என்றும் கூர்மையாய் இருக்கட்டும். நல்லதற்கு ‘ஆம்’ என்றும் அல்லதற்கு ‘இல்லை’ என்றும் சொல்லும் நாவு அக்குடியில் வழிவழியாய் வாழட்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் ஐந்து குடைகளுக்கும் வேலை இருக்குமாறு, காலந்தவறாத மழை அவ்வீட்டுக் கூரையின்மேல் பொழிவதாக.